மறைந்தோடும் ஆறும் ஒளிரும் சாயமும்

ஜெர்மனியின் தென்பகுதியில் டான்யூப் ஆறு ஓரிடத்தில் காணாமற் போகிறது. இம்மெண்டிங்கன் என்னும் ஊரருகே ஆண்டின் பல நாள்களில் அதன் நீர் முழுவதும் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுள் இறங்கிவிட, ஆற்றுப்படுகை வெறும் கூழாங்கற்களாய்க் கிடக்கும். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே, ஆக் என்னும் ஊரில் பேரூற்று ஒன்று பொங்குகிறது. அவ்வூற்று நீர் டான்யூபின் நீரே என ஒரு சாராரும், அன்று என மறு சாராரும் வழக்காடினர். 1877-ஆம் ஆண்டு அக்டோபரில் அடால்ஃப் க்னாப் என்னும் அறிஞர், பாறை வெடிப்பில் 10 கிலோ ஃபுளோரெசின் சாயத்தைக் கரைத்து விடச் செய்தார். ஏறத்தாழ 60 மணி நேரம் கழிந்தபின் ஆக் ஊற்று பச்சொளி வீசிப் பொங்கியது. வழக்கின் விடையை ஆறே சொல்லிற்று.

மண்ணுக்குள் மறைந்தோடும் நீரைக் காட்டித் தந்த அதே சாயம், உடலுக்குள் மறைந்து படரும் நோயைக் காட்டவும் பின்னாளில் அழைக்கப்பட்டது. அவ்வரலாறு நெடியது.

ஒளியை உண்டு வேறு நிறத்தில் உமிழும் பண்பிற்கு 1852-இல் பெயரிட்டவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரிலிருந்து 'ஃபுளோரெசென்ஸ்' என்னும் சொல்லை அவர் ஆக்கினார். 1871-இல் அடால்ஃப் பேயர் ஃபுளோரெசின் சாயத்தைச் செயற்கையாக உருவாக்கினார். 1882-இல் பால் எர்லிக் அதனைக் கொண்டு கண்ணினுள் நீர் சுரந்தோடும் வழியை ஆராய்ந்தார். 1947-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் மூர், இச்சாயத்தைச் செலுத்திப் புறவூதா ஒளியில் நோக்கினால் புற்றுத் திசு ஒளிர்வதைக் கண்டார். அடுத்த ஆண்டே மூளைக் கட்டிகளிடத்து அதனைப் பயன்படுத்தினார்.

இனி நோயின் வரலாற்றுக்கு வருவோம். 1874-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், முலைக்காம்பைச் சுற்றிய தோல் சிவந்து கசியும் ஒரு நோயையும், அதனைத் தொடர்ந்து மார்பகத்தில் புற்று தோன்றுவதையும் எடுத்துரைத்தார். 1889-இல் கிராக்கர் அதே நோயை ஆண்குறியிலும் விதைப்பையிலும் கண்டார். 1901-இல் பிரெஞ்சு மருத்துவர் துப்ரெய், பெண்ணின் பிறப்புறுப்பின் புறத்தோலிலும் அது தோன்றுவதை விளக்கினார். மிக அரிய நோய் இது. பெரிதும் முதுமையில் வருவது. அரிப்பும் சிவப்பும் படை போலவே தோன்றுவதால் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், களிம்பு பூசிக்கொண்டே காலம் கழியும். வெளியே சொல்ல நாணும் இடத்தில் வந்தமையால், நோயைக் காட்டிலும் மௌனமே முதலில் முற்றிவிடுவதும் உண்டு.

இந்நோயின் வஞ்சம் அதன் எல்லையில் உள்ளது. கண்ணுக்குத் தெரியும் சிவப்போடு அது நின்றுவிடுவதில்லை. நலமாகத் தோன்றும் தோலினுள்ளும் அதன் உயிரணுக்கள் தனித்தனியே பரவியிருக்கும். குறைவாக அறுத்தால் ஓரத்தில் மீண்டும் முளைக்கும்; மிகுதியாக அறுத்தால் பெண்ணின் உடலும் இல்வாழ்வும் சிதையும். இவ்விரண்டிற்கும் நடுவே கோடு கிழிப்பது எங்ஙனம்? 1991-ஆம் ஆண்டு அமெரிக்க மகப்பேற்று மருத்துவ இதழொன்றில் வெளிவந்த கட்டுரை ஒரு வழியைக் காட்டிற்று. ஃபுளோரெசினை நரம்பு வழி செலுத்தி, புறவூதா விளக்கின்கீழ் நோக்கி, ஒளிரும் பரப்பை எல்லையாகக் கொண்டு அறுக்கும் வழி அது. நோயுற்ற தோலில் சாயம் மிகுதியாகத் தேங்குவதே இதன் அடிப்படை.

அவ்விடத்தில் தோன்றும் ஏனைய புற்றுகளுக்கு இன்னொரு மறைவழியும் உண்டு, அது நிணநீர். 1912-இல் பாரீஸ் மருத்துவர் பாசே, பிறப்புறுப்போடு இரு தொடையிடுக்குகளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றும் பேரறுவையை வகுத்தார். டாசிக், ஸ்டான்லி வே ஆகியோர் அதனை வளர்த்தனர். அது பல உயிர்களைக் காத்தது. காத்த உயிர்க்கு அது கேட்ட விலையோ பெரிது: ஆறாத புண், வாழ்நாள் முழுதும் வீங்கிய கால்கள். கணுக்களில் நோய் இல்லாத பெண்களும் அவ்விலையைக் கொடுத்தனர்.

நிணநீர் முதலில் சென்றடையும் கணுவை மட்டும் ஆராய்ந்தாலே போதும் என்ற எண்ணத்தை 1977-இல் கபானாஸ் ஆண்குறிப் புற்றில் முன்வைத்தார். 1992-இல் மார்ட்டன், கருநிறத் தோற்புற்றில் நீலச் சாயத்தைக் கொண்டு அக்கணுவைத் தேடினார். 1994-இல் லெவன்பேக் அதனைப் பெண்ணின் பிறப்புறுப்புப் புற்றுக்குக் கொணர்ந்தார். 2008-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, கதிரியக்கப் பொருளும் நீலச் சாயமும் கொண்டு 403 பெண்களிடம் நடத்தப்பெற்றது. முதற்கணுவை மட்டும் எடுத்தவர்களுள் நூற்றுக்கு 1.9 பேருக்கே கால் வீக்கம் நேர்ந்தது. கணுக்கள் அனைத்தையும் எடுத்தவர்களுள் நூற்றுக்கு 25.2 பேருக்கு நேர்ந்தது.

நீலச் சாயம் தோலுக்கடியில் தெரியாது. அக்குறையை நீக்கியது இண்டோசயனின் பச்சை. கோடாக் நிறுவனத்தின் புகைப்பட ஆய்வகத்தில் பிறந்த இச்சாயம், 1957-இல் மேயோ மருத்துவமனையில் இதயக் குருதியோட்டத்தை அளக்கப் பயன்பட்டது. 1959-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. இது உமிழும் ஒளி மனிதக் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளி. ஒளிப்படக் கருவியே அதனைக் காணும். தோலைக் கிழிக்குமுன்னரே நிணநீரின் வழி திரையில் ஓர் ஓடையாக விரிகிறது. க்னாப் கண்ட ஆறு மனித உடலில் மீண்டும் ஓடுகிறது எனலாம்.

எனினும் ஒன்று மறக்கற்பாலதன்று. இச்சாயங்கள் புற்றை அறியா; ஓட்டத்தையும் தேக்கத்தையுமே அறியும். அழற்சியுற்ற தோலும் ஒளிரும். நோய் நிறைந்து அடைபட்ட கணு ஒளிராமலும் போகும். இறுதித் தீர்ப்பு இன்றும் நுண்ணோக்கியினுடையதே. புற்றணுவையே தேடிப் பற்றும் சாயங்கள் இப்போதுதான் வரத் தொடங்கியுள்ளன. கருவகப் புற்றுக்கென அத்தகைய சாயமொன்று 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் ஏந்திவந்த இவ்விளக்கு, எவ்வளவு அறுக்கலாம் என்பதோடு எவ்வளவு அறுக்காமல் விடலாம் என்பதையும் கற்பித்தது. ஆனால் எந்த விளக்கும் அறுவை மேசையில்தான் ஏற்றப்படும். அம்மேசைவரை ஒரு பெண் வந்து சேர, முதலில் அவள் தன் நோவை வாய்திறந்து சொல்லியாக வேண்டும். அதனை நாணமின்றிக் கேட்கும் செவியும் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த வழியைக் காட்டச் சாயம் எதுவும் இல்லை. சொல் ஒன்றே உண்டு.