காரைக் குளிர்காலத்தில் நிறுத்திவைத்தல்

எப்போதாவது மட்டும் ஓட்டும் காரைப் பனிக்காலம் முழுவதும் சாலைக்கு எடுக்காமல், பழுதாகாதபடி தயார்செய்து மூடிவைப்பது குளிர்கால நிறுத்திவைப்பு எனப்படுகிறது. கனடா, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றில் இது பரவலான வழக்கம். பழைய கார் சேகரிப்பவர்கள், மேற்கூரை திறக்கும் காரோ ஸ்போர்ட்ஸ் காரோ வைத்திருப்பவர்கள், குளிர் தாங்காமல் வெயில் நாடுகளுக்குப் போய்விடும் முதியவர்கள் ஆகியோரே இதைப் பெரும்பாலும் செய்கிறார்கள். டிசம்பர் பிறந்ததும் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ வந்து இரண்டு மூன்று மாதம் தங்கிப்போகும் டொராண்டோ தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வேலை உண்டு. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ உள்ளே விட்ட கார் மார்ச், ஏப்ரல் வாக்கில் வெளியே வரும்.

உப்பும் ஈரமும்

குளிர் நேரடியாகக் காரைக் கெடுப்பது குறைவு. கெடுப்பவை சாலையில் தூவும் உப்பும், காற்றிலுள்ள ஈரமும், ஓடாமல் நிற்பதும்தான். உறைபனியை உருக்க நகராட்சிகள் சாதாரண உப்பான சோடியம் குளோரைடைக் கொட்டுகின்றன. கடுங்குளிரில் அது வேலை செய்யாது என்பதால் கால்சியம் குளோரைடு அல்லது மெக்னீசியம் குளோரைடு சேர்க்கின்றன. இந்த உப்புநீர் அடிப்பாகத்தின் மடிப்புகளிலும் பற்றவைப்பு இணைப்புகளிலும் புகுந்துகொண்டு, காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசவென்று இருக்கும். துரு அங்கேதான் தொடங்குகிறது. உப்பு ஒட்டிய காரைச் சூடேற்றிய கராஜில் விட்டால், வெளியே உறைகுளிரில் நிற்கும் காரைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். வெப்பம் கூடினால் இரும்பின் அரிப்பும் வேகம் பெறும் என்பதே காரணம். ஆகவே கடைசி ஓட்டத்துக்குப் பிறகு அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சிறிது தூரம் ஓட்டி உலர்த்தி, அதன் பிறகே உள்ளே விட வேண்டும். மெழுகுப் பூச்சுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை அடிப்பாகத்துக்குக் கொடுத்தாலே போதும்.

இடம் சூடாக இருக்க வேண்டிய அவசியமில்லை, உலர்ந்திருக்க வேண்டும். ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாக அரிக்கப்படும். மிகவும் வறண்டால் தோல் இருக்கையும் மரப்பலகையும் வெடிக்கும். 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. சிமென்ட் தரையிலிருந்து ஈரம் ஏறுவதைத் தடுக்கத் தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போடலாம். ஆனால் காரின் மேல் பிளாஸ்டிக் போர்த்தக் கூடாது. உள்ளே வியர்த்து அந்த நீரே வண்ணத்தைக் கெடுக்கும். காற்றுப் புகும் துணி உறையே சரி.

பேட்டரி

வசந்தத்தில் கார் கிளம்பாததற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். அணைத்து வைத்த காரிலும் கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் சாவியின் ரிசீவர் ஆகியவை மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இந்தக் கசிவு 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 22 ஆம்பியர்-மணி தீர்ந்துபோகும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மாதத்துக்குள் காலியாகிவிடும். ஸ்டார்ட்டரைச் சுழற்றும் வலுவை அதற்கு வெகு முன்பே இழந்திருக்கும்.

முழுச் சார்ஜில் உள்ள 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை, காரை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். குறைந்த சார்ஜிலேயே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. உறைவதும் சார்ஜைப் பொறுத்ததே. முழுச் சார்ஜில் உள்ள அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது; காலியான பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் என்பதால் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். உறைந்த பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யக் கூடாது.

மின்னழுத்தத்தைத் தானே கண்காணித்து, தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் தரும் பராமரிப்பு சார்ஜரே இதற்குச் சரியான கருவி. பழைய வகை மெதுசார்ஜர் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருந்து பேட்டரி நீரை வற்றடிக்கும். பக்கத்தில் மின்இணைப்பு இல்லாவிட்டால் எதிர்முனையைக் கழற்றி வைக்கலாம். பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில் இதில் ஒரு பொறி உண்டு: முனையைக் கழற்றிவிட்டு டிக்கியைச் சாத்தினால், மின்பூட்டு வேலை செய்யாமல் பேட்டரி உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். பேட்டரியைச் சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது பழைய ரப்பர்ப் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது.

இடையிடையே ஸ்டார்ட் செய்வது

வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் காருக்கு நல்லது என்ற நம்பிக்கை எல்லா நாட்டிலும் இருக்கிறது. இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் நன்கு சூடாகி ஓடும்போது இது ஆவியாக வெளியேறிவிடும். குளிர்ந்த இன்ஜினில் அதன் ஒரு பகுதி சைலன்சருக்குள்ளும் இன்ஜின் ஆயிலுக்குள்ளும் தண்ணீராகவே தங்கி, எரிபொருள் கழிவோடு சேர்ந்து அமிலமாகிறது. நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் கூலன்ட் சூடாகுமே தவிர ஆயில் சூடாகாது. ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமும் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. உலர்ந்த சாலையில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட முடிந்தால் ஓட்டலாம். முடியாவிட்டால் தொடாமல் விடுவதே மேல். நிறுத்துவதற்கு முன்பே ஆயில் மாற்றச் சொல்வதும் இதே காரணத்தால்தான்: அமிலம் கலந்த பழைய ஆயில் ஐந்து மாதம் பேரிங்குகளில் ஊறக் கூடாது.

எரிபொருளும் பிறவும்

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி மெல்ல வெளியேறிவிடும். எஞ்சியது ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் உறிஞ்சும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் ஜெர்மனியில் 2011-லும் பிரிட்டனில் 2021 செப்டம்பரிலும் அறிமுகமானது. அதனால் பிரிட்டனில் பழைய கார்க்காரர்கள் எத்தனால் குறைந்த உயர்ரகப் பெட்ரோலை நிரப்புகிறார்கள். தொட்டியை ஏறக்குறைய முழுதாக நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தை ஊற்றி, அது கார்புரேட்டர் வரை சேரும்படி சிறிது தூரம் ஓட்டி நிறுத்துவது வழக்கம். எரிபொருளை நேரே பீய்ச்சும் இன்ஜினும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ள புதிய காருக்கு நான்கைந்து மாதம் பெரிய விஷயமே இல்லை.

தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். வெறும் தண்ணீர் ஊற்றிய இன்ஜினைப் பிளக்க அது போதும். எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். டயரில் காற்றை வழக்கத்தைவிடச் சிறிது கூட்டினால் தட்டையாகப் பதிவது குறையும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு வைக்கக் கூடாது. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால் போதும்.

எலிக்குத் தனிக் கவனம் வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டி அதற்குக் கதகதப்பான வீடு. இருக்கையின் பஞ்சைக் குதறி அங்கே மெத்தை போட்டுக் குட்டி போடும், வயரின் உறையையும் கடிக்கும். காற்று இழுக்கும் வாயையும் சைலன்சர் முனையையும் இரும்புக் கம்பி வலையால் அடைத்து, அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிட வேண்டும். பாச்சை உருண்டை போடுபவர்கள் உண்டு. எலி போனாலும் அந்த நாற்றம் போகாது.

சட்டமும் காப்பீடும்

ஜெர்மனியில் 1997 முதல் பருவகால எண் பலகை உண்டு. பலகையின் வலப்புறம் மேலே 04, கீழே 10 என்று இருந்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே அந்தக் கார் சாலைக்கு வரலாம். மற்ற மாதங்களில் பொதுத்தெருவில் நிறுத்தவும் கூடாது. வரியும் சாலைக்கு வரும் மாதங்களுக்கு மட்டும்தான். முப்பது ஆண்டு கடந்த பாரம்பரியக் கார்களுக்கான தனிப் பலகையோடு இதைச் சேர்த்துப் பெற 2017-இல் வழி பிறந்தது. பிரிட்டனில் சாலைக்கு வராத வாகனம் என்று அரசுக்கு அறிவிக்கும் முறை 1998-இல் வந்தது. 2011 முதல், காப்பீடு இல்லாத கார் இந்த அறிவிப்பின் கீழ் இருந்தே ஆக வேண்டும். கனடாவில் விபத்துக் காப்பீட்டை நிறுத்திவிட்டு, தீ, திருட்டு ஆகியவற்றுக்கான காப்பீட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது.

வெளியே எடுத்தல்

பனி உருகிய உடனே எடுப்பது அவசரம். ஓரிரு மழை பெய்து சாலையின் உப்பு கரைந்தோடும் வரை காத்திருப்பது விவரம் தெரிந்தவர்களின் வழக்கம். அடைத்த வலைகளை எடுத்து, எலிக்கூடு இருக்கிறதா என்று பார்த்து, டயர் காற்றையும் ஆயில் அளவையும் சரிசெய்ய வேண்டும். முதல் சில பிரேக்குகளில் டிஸ்க்கின் மேல்துரு கரகரவென்று சத்தம் போட்டுத் தேய்ந்து போகும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கராஜ் கதவை முழுதாகத் திறந்து, இன்ஜின் பிடித்தவுடன் காரை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.