கோவிவன்: கல்லில் நின்ற காவல்

சவ்வாது மலையின் தென்புறத்தே, பாரமகால் நிலத்தையும் கீழைச் சமவெளியையும் இணைக்கும் பழைய கணவாய் வழியில் அமைந்தது செங்கம். சங்க காலத்துச் செங்கண்மா இதுவே என்பர் அறிஞர். நன்னன் சேய் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் மலைபடுகடாம், 583 அடிகளில் இந்நிலத்தின் மலையையும் காட்டையும் ஆற்றையும் கண்முன் நிறுத்துகிறது. அந்நெடுவழியில் இரு செய்திகள் சிறப்பாக நோக்கத்தக்கன. மலைவாழ் மக்கள் வழிநடந்து வந்தோர்க்குப் படைக்கும் விருந்தில், பெண்நாய் துரத்திப் பிடித்த ஊனும் இடம்பெறுகிறது. கிளைத்துப் பிரியும் வழிகளில், மறவர்தம் பெயர் பொறித்து நட்ட கற்கள் நிற்கின்றன. நாயும் நடுகல்லும் பாட்டில் தனித்தனியே வருகின்றன. அவையிரண்டும் ஒருங்கே அமைந்த கல், சில நூற்றாண்டுகளுக்குப் பின் இதே வட்டாரத்தில் எழுந்தது.

எடுத்தனூர் நடுகல்லே அது. பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பெற்றது. வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாருடைய இளமகன் கருந்தேவக்கத்தி, எருமைகளின் பொருட்டு நிகழ்ந்த பூசலில் பட்டான் என்பதை அதன் வட்டெழுத்து உரைக்கிறது. வீரன் உருவத்தோடு நாயின் உருவமும் அக்கல்லில் உண்டு. நாய்க்கெனத் தனியே ஓர் எழுத்தும் உண்டு. அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்பது செய்தி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' இக்கல்லைத் தமிழ் ஆய்வுலகம் பரவலாக அறியச் செய்தது.

'காத்திருத்தல்' என்னும் சொல் இங்கு எண்ணத்தக்கது. காவல் புரிந்து நிற்றலும், ஒருவர் வரவை எதிர்நோக்கி இருத்தலும் அச்சொல்லுள் அடங்கும். கல்வெட்டு கருதியது காவற்பொருளே ஆகலாம். ஆயினும் தலைவன் வீழ்ந்த கதையோடு சேர்த்துப் படிப்போர் நெஞ்சில் மற்றைப் பொருளும் எழாமற் போவதில்லை.

கருநாடகத்து ஆதகூர்க் கல்லை இதனோடு ஒப்பிடலாம். தக்கோலப் போரைக் குறிப்பிடும் அக்கல், கி.பி. 949-50 அளவினது. மணலேரன் என்னும் வீரனிடமிருந்த காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது மாய்ந்ததை அது போற்றுகிறது. காளி போரிட்டு மாய்ந்தமையால் கல் பெற்றது. கோவிவன் மாய்ந்ததாகச் செய்தியில்லை. தன் கடமையில் நின்றமையே அதற்குக் கல்லில் இடந்தந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. வீழ்ந்தவர்க்கே கல் எடுக்கும் மரபினுள், உடன்நின்ற உயிரையும் ஓர் ஊர் மறவாது சேர்த்துக்கொண்டது.

சங்கப் புலவர் நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் பொதுப்பெயராற் சுட்டினர். எடுத்தனூரார் அதனை அது அறிந்திருந்த பெயராலேயே கல்லில் பொறித்தனர். மருமக்களுக்கும் இளமகனுக்கும் பெயருண்டு, நாய்க்கும் பெயருண்டு. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்பெயரைச் சொல்லி அழைக்க இயலுகிறது.