வன்னியில் முதுமை: உடலுக்குள் கனலும் அழற்சியும் நமது உணவுத் தட்டும்

வவுனியாவின் பட்டாணிச்சூரிலோ சாளம்பைக்குளத்திலோ, முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலோ ஜும்ஆ முடிந்து பெரியவர்கள் கூடிநின்று பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். வயல், மழை, பிள்ளைகளின் வெளிநாட்டு வேலை என்று தொடங்கும் பேச்சு விரைவிலேயே சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல், மூட்டுவலி என்று திரும்பிவிடும். யாருக்கு எந்தக் கிளினிக், எத்தனை குளிசை என்பதே முதுமையின் அடையாளமாகிவிட்டது. இதை வயதின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு கடந்துபோகிறோம். இதில் பெரும்பகுதி வயதால் மட்டும் வந்ததல்ல, நம் உணவும் அதில் பங்காளி என்பதே எனது வாதம்.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கிறது. கிருமிகளை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் உடல் செய்யும் வேலை அது. இதைத்தான் மருத்துவம் அழற்சி என்கிறது. காயம் ஆறியதும் அது அடங்கிவிடும். இது அல்லாஹ் நமக்குத் தந்த ஒரு பாதுகாப்பு.

ஆனால் வேறொரு வகை அழற்சியும் உண்டு. அதில் வீக்கமோ காய்ச்சலோ தெரியாது. சாம்பலுக்குள் இருக்கும் தணல்போல் உடலுக்குள் வருடக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். இரத்தக்குழாய்ச் சுவர்களில் கொழுப்புப் படிவதற்கு அது துணைபோகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்வதைத் தடுக்கிறது. தசைகள் மெலிவதற்கும் வழிவிடுகிறது. வயது ஏற ஏற இந்த மெல்லிய அழற்சி கூடுவதைக் கவனித்த இத்தாலிய ஆய்வாளர் கிளவுடியோ ஃபிரான்செஸ்கி, 2000ஆம் ஆண்டு முதுமையையும் அழற்சியையும் இணைத்து அதற்கு ஒரு பெயரே சூட்டினார். இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவைப் பார்த்து வைத்தியர்கள் இதை ஓரளவு மதிப்பிடுகிறார்கள்.

வயதை நாம் குறைக்க முடியாது. ஆனால் அந்தத் தணலை ஊதிவிடும் காரணங்கள் பல நம் கையில் இருக்கின்றன. புகைத்தல், உடலசைவின்மை, தூக்கக் குறைவு, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, அன்றாட உணவு ஆகியன அவற்றுள் முக்கியமானவை.

நமது உணவு எப்படி மாறியது?

வன்னி முஸ்லிம்களின் உணவுப் பழக்கத்தை 1990ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது 30, 35 வயதில் இருந்தவர்கள் இன்று 65ஐத் தாண்டிவிட்டார்கள். வயலும் குளமும் தோட்டமும் ஆடுமாடும் கொண்டு சாப்பிட்டவர்கள், புத்தளத்தின் முகாம்களில் நிவாரண அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்று வாழ வேண்டியதாயிற்று. 2009இல் மெனிக்பாம் முகாமில் அடைபட்ட நமது தமிழ்ச் சகோதரர்களின் கதையும் உணவைப் பொறுத்தவரை இதுவேதான். பசியைப் போக்கிய அந்த மாவையும் சீனியையும் நான் குறை கூறவில்லை. ஆனால் முகாம் முடிந்த பின்னும் முகாம் உணவு நம் அடுப்படியிலேயே தங்கிவிட்டது.

இன்று பிள்ளைகள் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ இருக்க, வயதான உம்மாவும் வாப்பாவும் தனியே வாழும் வீடுகள் பல. இருவருக்காகச் சோறு கறி சமைக்க அலுப்பு. பல்லும் ஒத்துழைப்பதில்லை. காலையில் பாண், இரவில் ரொட்டி, இடையில் பிஸ்கட்டும் பிளேன்டீயும் என்று நாள் ஓடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 முதல் 5 கிராம். நாளுக்கு 5 கோப்பைத் தேநீர், கோப்பைக்கு 3 கரண்டி என்றால் தேநீரிலேயே 60 கிராமுக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி சராசரி வளர்ந்தவர் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம்தான் உச்ச வரம்பு, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. குறைவாகச் சாப்பிடும் முதியவருக்கு அந்த வரம்பு இன்னும் கீழேதான் இருக்கும்.

எவை தணலை ஊதுகின்றன?

அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உணவுகளை அழற்சியைக் கூட்டுபவை, குறைப்பவை என மதிப்பிடும் ஒரு சுட்டெண்ணை உருவாக்கி, 2014இல் திருத்தி வெளியிட்டார்கள். நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும் அதில் கூட்டும் பக்கத்தில் நிற்கின்றன. நார்ச்சத்து, ஒமேகா 3 கொழுப்பு ஆகியவற்றோடு மஞ்சள், உள்ளி, இஞ்சி, வெங்காயம், மிளகு, தேயிலை ஆகியனவும் குறைக்கும் பக்கத்தில் இருக்கின்றன. நம் அம்மிக்கல்லில் அரைபட்டவை அந்தப் பட்டியலில் இருப்பது மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு சிட்டிகை மஞ்சள், மாட்டிறைச்சிப் புரியாணியின் நெய்யையும் அதன்மேல் குடிக்கும் சோடாவையும் ஈடுசெய்துவிடாது. சுட்டெண் பார்ப்பது முழு உணவையும்தான்.

நம் சூழலில் குறைக்க வேண்டியவை தெளிவானவை: சீனி, வெள்ளை மாப் பண்டங்கள், மாஜரின், திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்த எண்ணெயில் பொரித்த ரோல்ஸ், சமோசா, சொசேஜஸ் போன்ற பதப்படுத்திய இறைச்சி. கருவாடும் ஊறுகாயும் உப்பைக் கூட்டி இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். தேங்காயெண்ணெய் எவ்வளவும் நல்லது என்ற பேச்சையும் நம்பிவிடாதீர்கள். மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருந்து நம் மண்ணிலேயே

ஸ்பெயினில் 55 முதல் 80 வயதுக்குட்பட்ட 7,447 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒலிவ் எண்ணெய் அல்லது கொட்டைகளோடு மரக்கறி, பருப்பு, மீன் நிறைந்த உணவை உண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் சுமார் 30 சதவீதம் குறைவாக வந்தன. 2013இல் வெளியான அந்த ஆய்வில் நடைமுறைக் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டு, 2018இல் திருத்தி மீண்டும் வெளியிட்டபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை.

அதற்காக நாம் ஒலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டியதில்லை. மொட்டைக்கறுப்பன் போன்ற தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், வவுனியா உளுந்து, பயறு, கௌபி, எள்ளு, நிலக்கடலை எல்லாம் இந்த மண்ணில் விளைபவை. முருங்கை இலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வேலியோரத்தில் கிடைக்கின்றன. முல்லைத்தீவுக் கடலின் சூடை, கீரி போன்ற சிறுமீன்களில் ஒமேகா 3 உண்டு. குளத்து மீன் மலிவான புரதம்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் அவசியம்.

முதலாவது, சாப்பாட்டைக் குறைப்பதே சிகிச்சை என்று எண்ணி முதியவரைப் பட்டினி போடாதீர்கள். தசை கரைந்தால் விழுவார், விழுந்தால் எலும்பு முறியும். ஆரோக்கியமான முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாளாந்தம் தேவை என்பது நிபுணர்களின் பரிந்துரை. பல் இல்லாதவருக்கு மீனை முள் நீக்கிக் கொடுங்கள், பயறை மசித்துக் கொடுங்கள்.

இரண்டாவது, சிறுநீரகம். காரணம் தெளிவாகக் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தோடு நிற்காமல் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளையும் தொட்டிருக்கிறது. சிறுநீரகம் பாதித்தவருக்குப் புரதத்தின் அளவு வேறு. கீரை, இளநீர், வாழைப்பழம் போன்ற பொட்டாசியம் நிறைந்தவை சிலருக்கு ஆபத்தாகலாம். வைத்தியரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது.

மூன்றாவது, வலிநிவாரணி. மூட்டுவலிக்கு டைக்ளோபினக், ஐபுப்ரொஃபென் போன்ற குளிசைகளைப் பாமசியில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அழற்சியை அடக்கும் அதே குளிசை சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். சலரோகமும் பிரஷரும் உள்ள முதியவருக்கு இது இரட்டை ஆபத்து. அதேபோல், உணவை மாற்றிவிட்டோம் என்று கிளினிக் மருந்தை நிறுத்துவதும் ஆபத்து.

சமூகமாக நாம் செய்யக்கூடியது

வீண்விரயத்தைத் தடுக்கிறது ஸூரத்துல் அஃராபின் 31ஆவது வசனம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிகளார் (ஸல்) அவர்களின் வழிகாட்டல் திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. இவற்றைப் பயானில் கேட்டுவிட்டு, வலீமா விருந்தில் மறந்துவிடுகிறோம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் எனது வேண்டுகோள் சிறியது. மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் உதவியோடு இரத்த அழுத்தமும் சீனியும் பரிசோதிக்க ஒழுங்குசெய்யுங்கள். இஃப்தாரில் கஞ்சியின் உப்பைக் குறையுங்கள். பொரித்த பண்டங்களுக்குப் பதிலாக அவித்த கடலையும் பழமும் வையுங்கள். மருந்தெடுக்கும் முதியவர்கள் நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் ஆலோசனை பெற வேண்டும். தீராத நோயாளிக்கு மார்க்கம் ஃபித்யா எனும் சலுகையைத் தந்திருக்கிறது. அதை ஏற்பது குறையல்ல.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, பெருநாளுக்கு வரும்போது உம்மாவுக்குப் பிஸ்கட் பெட்டியும் இனிப்பும் கொண்டுவருவதற்குப் பதில், ஒரு மாதத்துக்கான சிவப்பரிசியும் பயறும் வாங்கி வையுங்கள். அன்றாடம் மீன் வாங்கிக் கொடுக்க அயலில் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அகதி வாழ்வின் சுமை முழுவதையும் தாங்கி, ஊர் திரும்பி, பள்ளிவாசலை மீண்டும் கட்டியெழுப்பிய தலைமுறை அது. எஞ்சிய காலத்தையாவது அவர்கள் வலியின்றிக் கழிக்க நாம் செய்வது உபகாரமல்ல, கடமை.

அல்லாஹ் நம் பெற்றோருக்கும் நமக்கும் தேகாரோக்கியத்துடன் கூடிய நீண்ட ஆயுளைத் தருவானாக. ஆமீன்.