நிலக்கரியை வெட்டியவரும் நிலத்தை வாசித்தவரும்: நிலவியலாளர் பயிற்சி வரலாற்றில் ஒரு பார்வை

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் அமைந்துள்ளது. 2006ஆம் ஆண்டு முதல் படிப்படியாக இயங்கத் தொடங்கிய அதன் மூன்று அலகுகள் 2100 மெகாவாட் திறனுடையவை. 2016இல் 1000 மெகாவாட் திறனுடைய நான்காம் அலகும் சேர்ந்தது. அங்கு எரியும் நிலக்கரி முழுவதும் கப்பலில் வருவது. ஜொகூர் மண்ணில் குளுவாங், நியோர், லாயாங் லாயாங் ஆகிய இடங்களில் மூன்றாம் ஊழிக்குரிய படிவுகள் இருப்பதை நிலவியல் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஆயினும் மாநிலத்தில் பெயர் சொல்லத்தக்க நிலக்கரிச் சுரங்கம் தோன்றவில்லை. எனவே நிலக்கரியைக் கண்டறியும் கல்வி யாருக்கு, எவ்வாறு கிட்டியது என்பதை ஆராய விழைவோர், தீபகற்பத்தின் ஒரே பெரிய நிலக்கரிச் சுரங்கமாகிய சிலாங்கூர் பத்து ஆராங்கிற்கும், அதற்கு முன்னோடியான இந்திய அனுபவத்திற்கும் செல்ல வேண்டியவராகின்றனர்.

பத்து ஆராங் என்ற மலாய்ப் பெயரே நிலக்கரியைக் குறிப்பது. 1908இல் அங்கு நிலக்கரி கண்டறியப்பட்டது. 1915இல் மலாயன் கொலியரிஸ் நிறுவனம் அகழ்வைத் தொடங்கியது. தொடர்வண்டி, ஈய வாரிக்கப்பல், மின் நிலையம் எனக் காலனிய மலாயாவின் இயந்திரங்கள் பல அந்நிலக்கரியை நம்பியிருந்தன. சீனத் தொழிலாளரோடு தமிழர் உள்ளிட்ட இந்தியரும் அங்கு உழைத்தனர். 1937ஆம் ஆண்டு மார்ச்சு மாத வேலைநிறுத்தத்தால் அவ்வூர் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. எண்ணெயின் போட்டியால் 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. இச்செய்திகள் பலரும் அறிந்தவையே. அச்சுரங்கத்தின் அடுக்குகளை அளந்து, வரைந்து, விளக்கும் பணி எவர் கையில் இருந்தது என்ற வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை.

கூட்டரசு மலாய் மாநிலங்களின் அரசு நிலவியலாளராக 1903இல் அமர்த்தப்பட்டவர் ஜே.பி. ஸ்கிரிவெனர். பத்து காஜாவைத் தலைமையிடமாகக் கொண்டு செயற்பட்ட அவர் 1931இல் மலாயாவின் நிலவியலைத் தொகுத்து நூலாக்கினார். பத்து ஆராங் நிலக்கரிப் பகுதி பற்றிய விரிவான நிலவியல் அறிக்கை எஃப்.டபிள்யூ. ரோ என்பவரால் எழுதப்பட்டு 1953இல் வெளிவந்தது. அகழ்வு தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்போதும் எழுதியவர் ஆங்கிலேயரே. உள்நாட்டார் இத்துறையில் பட்டம் பெறுவதற்கு, 1950களின் நடுப்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை தோன்றும் வரை காத்திருக்க நேர்ந்தது. அது தோன்றிய சில ஆண்டுகளிலேயே பத்து ஆராங் மூடப்பட்டுவிட்டது. கற்க இடம் வாய்த்தபோது கற்பதற்குரிய சுரங்கம் இல்லாமற்போனது.

இத்தாமதம் தற்செயலானதன்று. இதன் வேர் இந்தியாவில் உள்ளது. இந்திய நிலவியல் அளவைத் துறையே நிலக்கரித் தேவையால் பிறந்தது. 1836இல் கல்கத்தாவில் நிலக்கரி, கனிமவளம் ஆகியவற்றை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. 1846இல் கிழக்கிந்தியக் கும்பினி டி.எச். வில்லியம்ஸ் என்பவரைப் பணியமர்த்தியது. இரண்டே ஆண்டுகளில் அவர் காய்ச்சலால் இறந்தார். 1851இல் தாமஸ் ஓல்டாம் வந்து சேர்ந்த நிகழ்வையே துறையின் தொடக்கமாகக் கொள்வர். 1873இல் ராம் சிங் என்பவரும் அடுத்த ஆண்டில் கிஷன் சிங், ஹீரா லால் ஆகியோரும் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டனர். வாய்ப்பும் பயிற்சியும் முறையாக வழங்கப்பெற்றால் இந்தியர் இத்துறையில் தேர்ச்சியடைவர் என்பது ஓல்டாமின் கருத்து. அவருக்குப் பின் பொறுப்பேற்ற எச்.பி. மெட்லிகாட் இதற்கு நேர்மாறாக எண்ணினார். இயற்கை அறிவியலில் இந்தியர் சொந்தமாக ஆய்வு நிகழ்த்தும் ஆற்றலற்றவர் என்று அரசுக்கே எழுதினார். முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் காலனியப் பதிவுகளை வாசித்த நாள்களில் இத்தகைய வாதங்களை நான் அடிக்கடி எதிர்கொண்டதுண்டு. பயிற்சி கொடுக்காமலேயே பயிற்சியின் விளைவை முடிவுசெய்யும் துணிவு அப்போது என்னை வியக்க வைத்தது.

இத்தடையைக் கடந்து 1880இல் உயர்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் பிரமத நாத் போஸ். இலண்டனில் பயின்றவர் அவர். எனினும் 1903இல் அவரைவிடப் பத்தாண்டு பணிமூப்புக் குறைந்த தாமஸ் ஹாலந்து இயக்குநராக்கப்பட்டார். போஸ் பதவி விலகினார். அதன்பின் மயூர்பஞ்சில் அவர் கண்டறிந்த இரும்புத் தாதே டாட்டா எஃகு ஆலைக்கு அடித்தளமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. சுரங்கக் கல்லூரி வேண்டுமென்று 1901ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. தன்பாத்தில் நிலக்கரி வயல்களின் நடுவே அக்கல்லூரி திறக்கப்பட்டது 1926ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள். கால் நூற்றாண்டுக் காத்திருப்பு அது.

தமிழர் பங்கு ஈண்டு தனித்து நோக்கத்தக்கது. தஞ்சை மாவட்டம் மகாராஜபுரத்தில் 1898இல் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன், சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் பயின்று, இலண்டனில் 1924இல் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டே அளவைத் துறையில் சேர்ந்தார். 1943இல் அவர் வெளியிட்ட இந்திய, பர்மிய நிலவியல் நூல் பல தலைமுறை மாணவருக்குப் பாடநூலாயிற்று. 1951இல், துறையின் நூற்றாண்டில், அதன் முதல் இந்திய இயக்குநரானார். ராம் சிங் பயிலுநராகச் சேர்ந்ததற்கும் இதற்கும் இடையே 78 ஆண்டுகள்.

நெய்வேலி இப்பயிற்சிக்கு வேறொரு பரிமாணத்தைத் தந்தது. 1956இல் நிறுவனம் பதிவுபெற்றது. 1961இல் பழுப்பு நிலக்கரி எட்டப்பட்டது. அங்குள்ள சிக்கல் நிலக்கரியைத் தேடுவதன்று. அதற்குக் கீழே பேரழுத்தத்தில் நிற்கும் நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணிப்பதாகும். நிலக்கரி நிலவியலாளர் நிலத்தடி நீரியலையும் கற்றாக வேண்டும் என்பதை அந்நிலமே கற்பித்தது. துளையிட்டு எடுத்த பாறை உருளையைப் படித்தல், தொலைவிலுள்ள துளைகளுக்கிடையே ஒரே அடுக்கை இனங்காணல், சாம்பல், ஈரப்பத அளவுகளைக் கொண்டு தரம் பிரித்தல், இருப்பைக் கணித்தல் முதலியன வகுப்பறையில் மட்டும் கைவருவன அல்ல. 1976இல் ஐதராபாத்தில் அளவைத் துறை தனக்கெனப் பயிற்சி நிறுவனம் அமைத்ததோடு நில்லாமல், ஜார்க்கண்டின் நிலக்கரிப் பகுதியான குஜுவில் களப்பயிற்சி மையம் நடத்துவதும் இதனாலேயே எனலாம்.

மலேசியாவில் இன்று நிலக்கரி வளம் பெரும்பாலும் சரவாக்கில் உள்ளது. 2008ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டம் தொழில்முறைப் பதிவை ஏற்படுத்தியது; பட்டமும் பணியனுபவமும் அதற்கு அளவுகோல்கள். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் கூரையின் ஓசை மாற்றத்தைக் கேட்டும், புகைநாற்றத்தை முதலில் உணர்ந்தும் உயிர்பிழைத்த தொழிலாளரின் அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தானே தீப்பற்றும் இயல்புடைய பத்து ஆராங் நிலக்கரியில் அவ்வறிவு மிகைத்திறன் அன்று, அன்றாடத் தேவை. அதற்கு அவர்கள் எச்சொற்களைக் கையாண்டனர், எவரிடமிருந்து கற்றனர், தமிழரும் சீனரும் நிலத்தடியில் எம்மொழியில் எச்சரித்துக் கொண்டனர் என்பன நம் துறை மாணவர் களப்பணியாக மேற்கொள்ளத்தக்க வினாக்கள். சுரங்கம் மூடப்பட்டபோது இருபது அகவையினராக இருந்தோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டனர்.