வாசல் புள்ளியும் திரைப் புள்ளியும்

தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளிக் கட்டத்தில் சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் கோலம் தானாக வளரும் என்பதைக் கணித இலக்கணமாக எழுதிக் காட்டிய அரிய வேலை அது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1983இல், ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவி வந்தது. அதன் படங்களும் கட்டங்கள்தாம்: எட்டுக்கு எட்டு புள்ளி, கட்டத்துக்கு 16 பைட். ஒரு வரிசையின் எட்டுப் புள்ளிகள் இரண்டு பைட்டுகளாகப் பிரிந்து, எட்டு பைட் இடைவெளியில் கிடக்கும். இரண்டையும் பிட் பிட்டாகச் சேர்த்தால்தான் புள்ளியின் நிற எண் கிடைக்கும்.

இப்படிச் சிதறிக் கிடப்பதைச் சேர்க்கும் வேலையைச் சின்னஞ்சிறு கட்டளைவரி நிரல்கள் செய்கின்றன. ஜெஃப் போஸ்கான்சர் 1988இல் வெளியிட்ட பிபிஎம்பிளஸ் என்ற பட மாற்று நிரல் தொகுப்பு இதில் முன்னோடி. எந்தப் படக் கோப்பையும் முதலில் ஓர் எளிய பொது வடிவத்துக்கு மாற்று, அங்கிருந்து வேண்டிய வடிவத்துக்குப் போ என்பதே அதன் உத்தி. இருபது வடிவங்களுக்குள் நேரடியாக மாற்ற 380 நிரல்கள் வேண்டும். இந்த வழியில் 40 போதும்.

பிபிஎம்பிளஸின் வாரிசான நெட்பிபிஎம் இன்றும் அட்டாரி எஸ்டி, அமிகா கணினிகளின் படங்களை லினக்ஸில் திறந்து தருகிறது.