பழவேற்காட்டுப் பாடு முறை: செயல்முறைக் கட்டுரைக்கு ஒரு வரலாற்றுச் சான்று

ஒரு வேலை எந்த வரிசையில் நடைபெறுகிறது என்பதை விளக்கும் கட்டுரை செயல்முறைக் கட்டுரை எனப்படும். சமையல் குறிப்புக்குப் பொருள்களையும் படிகளையும் சொன்னால் போதும். ஒரு சமூகத்தின் வழக்கத்தை எழுதும்போது, அதில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரி மீனவர்களின் பாடு முறை இதற்குத் தக்க சான்றாகும்.

இடமும் தேவையும்

தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேச எல்லையில் அமைந்த பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி ஆகும். ஸ்ரீஹரிகோட்டா தீவு இதனை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. ஆரணி ஆறும் காலங்கி ஆறும் இதில் கலக்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும்போது இறால்களும் அந்நீரோட்டத்துடன் நகர்கின்றன. ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் மட்டும் கழி நட்டு வலை கட்டினால் நல்ல வரத்து கிடைக்கும். நல்ல இடங்கள் குறைவு, வலைகளோ அதிகம். பாடு முறை இந்தச் சிக்கலுக்கான விடையாகவே தோன்றியது.

முறை நடைபெறும் விதம்

'பாடு' என்பது இங்கு மீன்பிடி இடத்தையும் அங்கு வலை கட்டும் முறைநாளையும் குறிக்கும். இலங்கைத் தமிழ்ப் பகுதிகளில் கரைவலை இழுக்கும் கரைப்பகுதியையும் பாடு என்பர்.

1. முதலில் உரிமை உடையோர் யார் என்று முடிவு செய்யப்படும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தில் மணமான ஆண்கள் தலைக்கட்டாகக் கணக்கிடப்படுவர்.
2. அடுத்து, வலை கட்டும் இடங்கள் வரையறுக்கப்படும்.
3. பின்னர் குலுக்கல் முறையில் இடமும் வரிசையும் ஒதுக்கப்படும்.
4. அதன்பின் குழுக்கள் சுழற்சியாக இடம் மாறும். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை அதை அடுத்தவருக்கு விட வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. உரிமை முடிவாகாமல் குலுக்கல் நடத்த முடியாது. குலுக்கல் மட்டும் இருந்து சுழற்சி இல்லாவிட்டால் அதிர்ஷ்டசாலி ஒருவரே நல்ல இடத்தை வைத்துக்கொள்வார்.

எழுத்தில் வந்த வரலாறு

டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். அவர்களுடைய துணி வணிகம் எழுத்தில் பதிவானது. மீனவரின் பாடு முறையோ ஊர்க்கூட்டத்தின் நினைவில் வாய்மொழியாக வாழ்ந்தது. செபாஸ்டியன் மேத்யூ இதனை ஆராய்ந்து எழுதிய அறிக்கையை ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 1991-இல் வெளியிட்டது. அதன் வழியே உலக ஆய்வாளர்கள் இம்முறையை அறிந்தனர்.

இதற்கு ஓராண்டு முன்பு எலினோர் ஆஸ்ட்ரம் தம் நூலில் துருக்கியின் அலன்யா மீனவர்களைப் பற்றி எழுதினார். அவர்களும் ஆண்டுதோறும் செப்டம்பரில் குலுக்கல் நடத்தி, நாள்தோறும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தனர். ஊர்மக்கள் தாங்களே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காக்க முடியும் என்பதற்கு இத்தகைய சான்றுகளை அவர் முன்வைத்தார். இவ்வாய்வுகளுக்காக 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

முறைக்கு வெளியே நின்றோர்

பாடு முறை உள்ளிருப்போருக்கு நியாயமானது. ஆனால் ஏரியை நம்பி வாழ்வோர் அவர்கள் மட்டும் அல்லர். கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர்களும், பட்டியல் சாதியினரும், பிற ஊர் மீனவரும் அதே நீரில் தொழில் செய்கின்றனர். இறால் ஏற்றுமதியால் விலை உயர்ந்தபோது நல்ல இடங்களுக்கான போட்டியும் உயர்ந்தது. அரசின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே வலை பெற்ற புதியவர்கள் தங்களுக்கும் உரிமை கேட்டனர். மோதல்களும் எழுந்தன. முகத்துவாரம் மணலால் தூர்ந்து வரத்து குறையும்போது இக்கேள்வி மேலும் கூர்மையாகிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது

மேற்கண்ட நான்கு படிகளில் மூன்றாவதை மட்டும் எழுதினால் பாடு முறை முழுச் சமத்துவமாகத் தோன்றும். முதல் படியை மட்டும் எழுதினால் வெறும் விலக்காகத் தோன்றும். இரண்டும் சேர்ந்ததே உண்மை. எனவே வழக்கம் ஒன்றைச் செயல்முறைக் கட்டுரையாக எழுதுவோர் படிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறி, காலப்போக்கில் நேர்ந்த மாற்றத்தையும் சேர்க்க வேண்டும். குலுக்கலில் யார் பெயர் வந்தது என்பதோடு, யார் பெயர் சீட்டில் எழுதப்படவே இல்லை என்பதையும் கேட்டு எழுதுவது அவசியம்.