“ஒவ்வொரு திங்களும் 10 மணி”: ஒரு கூட்டத்தின் வரலாறு

“ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை 10 மணிக்குக் கூட்டம்” என்று ஒரு குழுத் தலைவர் சொன்னால் கேட்பவர்களுக்கு ஒரு குழப்பமும் வராது. தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதே வாக்கியத்தைக் கணினியிடம் சொன்னால் அது கேள்வி மேல் கேள்வி கேட்கும். எந்த ஊர் 10 மணி? எத்தனை திங்கள் வரை? நடுவில் ஒரு திங்கள் விடுமுறை வந்தால்? அரசாங்கம் கடிகாரத்தையே மாற்றிவிட்டால்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிய கதைதான் இது. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் 2007ல் அமெரிக்காவில் அலுவலகம் அலுவலகமாக ஆட்களை ஒரு மணி நேரம் தவறாக வரவழைக்கும் ஆபத்தை உண்டாக்கியது இந்தச் சின்ன விஷயம்தான்.

கிரான் என்னும் முன்னோடி

திரும்பத் திரும்ப ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் பழக்கம் கணினிக்குப் புதிதல்ல. 1979ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘கிரான்’ என்ற நிரல் இருந்தது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்களை நிரப்பினால் போதும். அது நிமிடத்துக்கு ஒரு முறை விழித்துப் பார்த்து, நேரம் வந்த வேலையைச் செய்துவிடும்.

ஆனால் கிரானுக்கு மனிதர்களைத் தெரியாது. “இந்த வாரம் மட்டும் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்ளலாமா?” என்று இயந்திரம் இயந்திரத்திடம் கேட்பதில்லை. மனிதர்கள் கேட்பார்கள். கூட்டம் என்பது கட்டளை அல்ல, பல பேர் சேர்ந்து கொடுத்துக்கொள்ளும் வாக்கு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் ‘ப்ராஃப்ஸ்’ பெரிய அலுவலகங்களுக்கு மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் ஒன்றாகக் கொடுத்தது. 1992ல் மைக்ரோசாஃப்டின் ‘ஷெட்யூல் பிளஸ்’ வந்தது. 1997ல் ‘அவுட்லுக்’ மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் சாதாரண மேசைக் கணினிக்கே கொண்டுவந்தது. வசதிகள் பெருகின. ஆனால் ஒவ்வொன்றும் தன் பாஷையிலேயே பேசியது. ஒரு நிறுவனத்து நாட்காட்டி அனுப்பிய அழைப்பை இன்னொரு நிறுவனத்து நாட்காட்டியால் படிக்க முடியவில்லை.

ஒரு பொது மொழி பிறந்தது

இதைத் தீர்க்க ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய ‘வெர்சிட்’ கூட்டமைப்பு 1996ல் ‘விகேலண்டர்’ என்ற வடிவத்தை வெளியிட்டது. அதன் மேல் வளர்ந்ததுதான் ‘ஐகேலண்டர்’. 1998 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 2445 என்ற எண்ணோடு இணையத் தர ஆவணமாக அது வந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஃபிராங்க் டாசன் லோட்டஸ் நிறுவனத்தவர், டெரிக் ஸ்டெனர்சன் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தவர். சந்தையில் மோதிக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்களின் ஆட்கள் ஒரே ஆவணத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

இதன் இதயம் ‘ஆர்ரூல்’ எனப்படும் மறுநிகழ்வு விதி. 100 வாரக் கூட்டத்துக்கு 100 பதிவுகளை எழுதி வைக்காமல், ஒரே ஒரு விதியை எழுதி வைப்பதுதான் யோசனை. நொடி முதல் ஆண்டு வரை ஏழு வகை இடைவெளிகள். “இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்”, “மாதத்தின் கடைசி வெள்ளி” போன்ற எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். எத்தனை முறை, எந்தத் தேதி வரை என்றும் குறிக்கலாம்.

விதிவிலக்குக்கும் வழி உண்டு. ஒரு வாரம் கூட்டம் இல்லை என்றால் அந்தத் தேதி ‘விலக்கப்பட்ட தேதி’யாகச் சேர்க்கப்படும். ஒரு வாரம் மட்டும் நேரம் மாறினால், அந்த ஒரு நாளுக்குத் தனிப் பதிவு உருவாகும். அந்தப் பதிவு தன்னை எப்படி அடையாளம் காட்டும் தெரியுமா? முதலில் எந்தத் தேதியில் நடந்திருக்க வேண்டுமோ, அந்தத் தேதியைச் சொல்லித்தான். கூட்டம் எங்கே நகர்ந்தாலும் அதன் பிறந்த தேதி மாறாது.

இருந்தும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. “ஒவ்வொரு மாதமும் 31ஆம் தேதி” என்று கூட்டம் வைத்தால் என்ன ஆகும்? ஐகேலண்டர் தரப்படி இல்லாத தேதி விட்டுப்போகும். ஆக, ஆண்டுக்கு ஏழு கூட்டம்தான். அவுட்லுக்கோ, 31 இல்லாத மாதங்களில் அந்த மாதத்தின் கடைசி நாளுக்கே கூட்டத்தை வைத்துவிடும். ஆக, ஆண்டுக்குப் பன்னிரண்டு கூட்டம். 2009ல் திருத்திய தரம் ஆர்.எஃப்.சி. 5545 ஆக வந்த பிறகும் இந்த வேறுபாடு இருந்தது. இல்லாத தேதியை விட்டுவிடலாமா, முன்னே தள்ளலாமா, பின்னே இழுக்கலாமா என்று பயனர் சொல்லும் வசதி 2015ல் ஆர்.எஃப்.சி. 7529ல்தான் வந்தது. கிரிகோரியன் அல்லாத நாட்காட்டிகளின்படி நாள் குறிக்கும் வழியையும் அதே ஆவணம்தான் திறந்துவிட்டது.

திட்டங்களுக்குள் நுழைந்த கூட்டம்

மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் முதலில் 1984ல் டாஸ் கணினிகளுக்கு வந்தது. அந்த மென்பொருளின் உலகம் வேறு. அங்கே ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை தொடங்கும். ஒன்று தாமதமானால் அதைத் தொடர்ந்து வரும் எல்லாமே தள்ளிப்போகும். வாராந்திரக் கூட்டம் இந்த இனத்தில் சேராது. கட்டடம் எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் திங்கள் வந்தால் கூட்டம் உண்டு. அதனால் அதற்கு ‘மறுநிகழ்வுப் பணி’ என்று தனி வகையே வந்தது. திட்ட வரைபடத்தில் ஒரே வரியில் சின்னச் சின்னத் துண்டுகளாக அது தெரியும். திட்டம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் மற்ற வேலைகள் கூடவே நகரும். கூட்டங்கள் மட்டும் பழைய முடிவுத் தேதியோடு நின்றுவிடும். மேலாளர்தான் கை வைத்து நீட்ட வேண்டும்.

1995ல் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் ‘ஸ்க்ரம்’ முறையை ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். அதில் தினமும் ஒரு குறுகிய கூட்டம் உண்டு. பின்னாளில் 15 நிமிடம் என்பது அதன் வழக்கமான வரம்பானது. 2001ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி ‘அஜைல்’ அறிக்கையை வெளியிட்ட பிறகு இந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. வாரத்துக்கு ஒரு முறை இருந்த மறுநிகழ்வு தினசரி ஆனது. விதியில் ஒரு பிழை இருந்தால் அதுவும் தினசரிப் பிழைதான்.

2007 மார்ச்: மூன்று வாரக் குழப்பம்

அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். 2006 வரை ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று இது நடந்தது. 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் அதை மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு மாற்றியது. முதல் முறை அமலுக்கு வந்தது 2007 மார்ச் 11 அன்று.

கணினிகளுக்குள் இருந்தது பழைய விதி. மார்ச் 14க்கு 10 மணிக் கூட்டம் என்று முன்பே குறித்திருந்தால், கணினி அதைப் பழைய விதிப்படி உலகப் பொது நேரமாக மாற்றிச் சேமித்திருக்கும். புதிய விதியை நிறுவியதும் அதே கூட்டம் 11 மணி என்று காட்டும். மறுநிகழ்வுக் கூட்டங்கள் இன்னும் மோசம். பழைய நேர விதி அந்தப் பதிவுக்குள்ளேயே பொதிந்திருந்தது. மார்ச் 11 முதல் ஏப்ரல் 1 வரை மூன்று வாரம் தவறாக நின்று, பிறகு தானாகச் சரியாகிவிடும். விதியைப் புதுப்பித்த கணினியில் ஒரு நேரம், புதுப்பிக்காத கணினியில் இன்னொரு நேரம். மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்யத் தனிக் கருவியே வெளியிட்டது. கூட்டத்தின் தலைப்பிலேயே நேரத்தை எழுத்தால் எழுதி வையுங்கள் என்ற யோசனையும் சொல்லப்பட்டது. அத்தனை மென்பொருள் இருந்தும் கடைசியில் கைகொடுத்தது மனிதர் படிக்கும் ஒரு வரி!

இந்தியாவில் கடிகாரம் மாறுவதில்லை. ஆனால் அமெரிக்கக் குழுவோடு வேலை செய்பவர்களுக்கு வாழ்க்கை மாறும். நியூயார்க் காலை 9 மணிக் கூட்டம் குளிர்காலத்தில் சென்னையில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. பிரிட்டன் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு. எனவே நியூயார்க்கும் லண்டனும் கலந்துகொள்ளும் கூட்டத்தில் இரண்டு, மூன்று வாரத்துக்கு யாராவது ஒருவர் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். யார் என்று முடிவு செய்வது எளிது: கூட்டம் எந்த ஊர் நேரத்தில் பதிவாகியிருக்கிறதோ, அந்த ஊர்க்காரர் நகர வேண்டியதில்லை. மற்றவர்கள் நகர வேண்டும். நேர மண்டலம் என்ற அந்தச் சின்னக் கட்டம் உண்மையில் ஓர் அதிகாரக் கட்டம்.

இலங்கையின் அனுபவம் இன்னொரு வகை. 1996 மே மாதம் மின்வெட்டுக் காலத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரை மணி நேர வித்தியாசத்துக்கே திரும்பியது. ஒரே ஊரின் “காலை 10 மணி” பத்தாண்டுகளில் மூன்று பொருள் கொண்டது.

ஒரு வழக்கு

இப்படி நாடு நாடாக மாறும் விதிகளையெல்லாம் யார் குறித்து வைக்கிறார்கள்? 1980களிலிருந்து ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கிப் பராமரித்து, பின்னர் பால் எக்கர்ட் உள்ளிட்ட தன்னார்வலர்கள் வளர்த்த நேர மண்டலத் தரவுத்தளம்தான் உலகின் பெரும்பாலான கணினிகளுக்கு ஆதாரம். 2011 செப்டம்பர் இறுதியில் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம் இவர்கள் இருவர் மீதும் பதிப்புரிமை வழக்குப் போட்டது. தன் வரலாற்று நேர அட்டவணையிலிருந்து தகவல் எடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அக்டோபரில் தரவுத்தளம் இணையத்திலிருந்து இறக்கப்பட்டது. சில நாட்களுக்குள் ஐகான் அமைப்பு பொறுப்பேற்று மீண்டும் வெளியிட்டது. 2012ல் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. ஊர் உலகத்துக் கூட்டங்கள் எல்லாம் ஒரு சிலரின் பொறுமையான உழைப்பின் மேல் நின்றிருந்தன என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

முடிவில்லாத விதி

ஆர்ரூல் விதியில் முடிவுத் தேதி கட்டாயம் அல்ல. எழுதாவிட்டால் கூட்டம் என்றென்றும் தொடரும். தொடங்கியவர் வேலையை விட்டுப் போனாலும், காரணம் மறந்துபோனாலும் அழைப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கும். 2023 ஜனவரியில் கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் இரண்டு பேருக்கு மேல் கலந்துகொள்ளும் மறுநிகழ்வுக் கூட்டங்களை ஒட்டுமொத்தமாக நாட்காட்டிகளிலிருந்து நீக்கியது. திரும்பச் சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரம் யோசிக்கச் சொன்னது.

ஒரு கூட்டத்தை மறுபடி மறுபடி நடத்தக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று எந்த விதியாலும் அதற்குச் சொல்லித்தர முடியவில்லை. முடிவுத் தேதிக் கட்டத்தை நிரப்புவது இன்னமும் மனிதர் வேலைதான்.